சட்னி கெட்டதற்குத் தேங்காய் காரணமில்லை

போன ஏப்ரல் முழுக்க எங்கள் வீட்டில் இதே கதைதான். காலை ஏழு மணிக்கு அரைக்கிற தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கெல்லாம் நுரைத்துவிடும். வெயில் என்று நினைத்தேன். பிறகு தேங்காய் மேல் சந்தேகம் வந்து, கடைக்காரரிடம் சண்டையே போட்டுவிட்டேன், பாவம்.

ஊரிலிருந்து வந்த மாமியார்தான் கண்டுபிடித்தார். மிக்ஸி சின்ன ஜார் மூடியின் ரப்பர் வாஷரைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தார். அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கோடு; வாடை வேறு. "இதை எப்பம்மா கடைசியா கழட்டுனே?" என்றார். அது கழலும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிளேடுக்கு அடியிலும் பழைய சட்னி காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வாஷரை வெயிலில் காயவைத்தேன். ஜாரில் பாதி தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் விட்டு ஒரு சுற்று ஓட்டினேன். (கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள், மூடி தெறிக்கும்.) மறுநாள் சட்னி மதியம் வரை தாங்கியது.

அப்புறம் அவர் பார்வை பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் மேல் விழுந்தது. அவர் காலத்துத் தேங்காய் நார் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். என் பஞ்சோ சிங்க் ஓரத்தில் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். 2017இல் ஜெர்மனியில் வீடுகளில் பயன்படுத்திய 14 பஞ்சுகளை ஆராய்ந்தபோது, சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடி பாக்டீரியா வரை இருந்திருக்கிறது. எல்லாமே நோய் தருபவை அல்ல. ஆனால் தவறாமல் தனியாகச் சுத்தம் செய்யப்பட்ட பஞ்சுகளிலும் எண்ணிக்கை குறையவில்லை. அதைப் படித்ததிலிருந்து வாரம் ஒன்று மாற்றிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா இதையெல்லாம் கேட்டு உற்சாகமாகி, கழிவறையில் ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார். குளோரின் வாயு கிளம்பி, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார். நல்லவேளை, ஜன்னல் திறந்திருந்தது. இந்த இரண்டையும் எப்போதும் சேர்க்கவே கூடாது.

எனக்கு அதிர்ச்சி தந்தது தண்ணீர் டிஸ்பென்சர்தான். 20 லிட்டர் கேனை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோமே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். உள்ளே குழாய் துவாரத்தைத் தடவினால் பாசி போல வழவழ! இப்போது கேன் மாற்றும்போதெல்லாம் குழாயைக் கழற்றிக் கழுவிய பிறகுதான் புதுக் கேன் ஏறும். கேன் போடும் தம்பி தோளில் கேனோடு வாசலில் நின்று, "அக்கா, சீக்கிரம்!" என்கிறான்.