டீபக்கரை மூடினா சர்வரும் சாகுமா?

கோடுமணி: "டீபக்செட்பிராசஸ்கில்ஆன்எக்ஸிட்டை டீபக்கரோட மெயின்ல முதல் வரியிலேயே ஃபால்ஸ் போட்டுக் கூப்பிட்டுடுங்க, டீபக்கரை எப்ப மூடினாலும் புரோகிராம் பிழைச்சுக்கும்"னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. புதுசா வர்றவங்களுக்கு: டீபக்கர்னா ஓடற புரோகிராமை நிறுத்திப் பிழை தேடுற கருவி. டீபக்கர் முடியும்போது அது பிடிச்சிருக்கிற புரோகிராமும் சாகணுமான்னு சொல்றதுதான் இந்த விண்டோஸ் ஃபங்ஷன், ஃபால்ஸ்னா சாக வேண்டாம். அட்டாச் பண்றதுக்கு, அதான் ஓடற புரோகிராமை டீபக்கர் பிடிக்கிறதுக்கு, முன்னாடி கூப்பிட்டா அது ஃபெயில் ஆகும். கூப்பிடுற த்ரெட்டுக்கு (டீபக்கருக்குள்ள ஓடற இழை) அப்போ டீபக் ஆப்ஜெக்ட்டே, அதான் இந்த செட்டிங் உக்கார்ற இடமே, கிடையாது, எதுல போய் மாத்தும்?

தென்காசித்தம்பி: எழுதினது நான்தான். ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது.

கோடுமணி: ரிட்டர்ன் வேல்யூவை, அதான் வேலை முடிஞ்சுதா இல்லையான்னு ஃபங்ஷன் திருப்பிச் சொல்றதை, பாத்தீங்களா?

தென்காசித்தம்பி: அதெல்லாம் எதுக்கு? ஓடுதுன்னு சொல்றேன்ல.

கோடுமணி: ஒவ்வொரு தடவையும் டெட்டாச் பண்ணி, அதான் பிடியை விட்டுட்டு, மூடியிருப்பீங்க, அதான் பிழைக்குது. டீபக்கர் நடுவுல கிராஷ் ஆகட்டும், தெரியும். விண்டோஸ்ல சொல்லாம விட்டா கொல்றதுதான் வழக்கம். போன மாசம் எங்க ஆபீஸ் பில்லிங் சர்வர் இதே முதல் வரியாலதான் விழுந்தது, ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பினாங்க. முதல்ல அட்டாச். அப்புறம் அதே த்ரெட்ல இந்த ஃபங்ஷன்.

பெங்குவின்தாசன்: லினக்ஸ்ல இந்தத் தலைவலியே இல்ல. அங்க டீபக்கர் பிடிக்கிறது பிடிரேஸ்ங்கிற கால் வழியா. பிடிரேஸ் பண்றவன் செத்தா மாட்டியிருந்த புரோகிராம் தானா விடுபட்டு ஓடும். கூடவே சாகணும்னாத்தான் எக்ஸிட்கில் ஆப்ஷன், அதுவும் லினக்ஸோட மையமான கெர்னல் 3.8லதான் வந்தது.

தென்காசித்தம்பி: விண்டோஸ்னு எழுதினாலே இவருக்கு மூக்கு வேர்த்துடும். முன்னாடி இங்க டிரைவர் பத்தின சண்டையில வாங்கிக் கட்டினது போதலையா?

பெங்குவின்தாசன்: அதுல நான் சொன்னதுதான் சரி. இப்பவும் சொல்றேன்.

இளவேனில்: டீபக்கர் டீபக்கர்னு எத்தனை தடவை? 'பிழைநீக்கி'ன்னு எழுதினா குறைஞ்சா போயிடுவீங்க?

கோடுமணி: அது எங்கம்மா பிழையை நீக்குது? காட்டத்தான் செய்யுது. பெங்குவின் சார், "தானா ஓடும்"னு பாதிதான் சொல்றீங்க. பிரேக்பாயின்ட், அதான் 'இங்க நில்லு'ன்னு டீபக்கர் வச்ச இடத்துல, இன்ட்3ங்கிற நிறுத்தச் சொல்ற பைட் அப்படியே கிடக்கும். புரோகிராம் அதை மிதிச்சா சிக்டிராப்ங்கிற சிக்னல் வந்து சாகும். விண்டோஸ்லயும் அதே கதிதான். ஃபால்ஸ் போட்டா மட்டும் போதாது, பிரேக்பாயின்ட்டையும் எடுக்கணும்.

பெங்குவின்தாசன்: அது பிரேக்பாயின்ட் வச்சவன் தப்பு, கெர்னல் தப்பு இல்ல.

இளவேனில்: அப்ப 'பிழைகாட்டி'ன்னு எழுதுங்க.

தென்காசித்தம்பி: விண்டோஸ் 2000 வரைக்கும் டெட்டாச்சே கிடையாது, எக்ஸ்பிலதான் வந்தது. நான் அந்தக் காலத்துலேர்ந்து எழுதுறவன். எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கோடுமணி: எடுக்கல. ரிட்டர்ன் வேல்யூவைப் பாருங்கன்னுதான் கேக்குறேன்.

தென்காசித்தம்பி: முதல் வரியிலதான் வைப்பேன்.

கோடுமணி: அட்டாச்சுக்கு அப்புறம். அதே த்ரெட்.