லொகினுக்குப் பேரா, நம்பரா?

தேயிலைமலை_ஐடி:
ஹட்டன் பக்கம் ஒரு தோட்டக் கம்பனி. ஒபிஸ், பெக்டரி, டிவிஷன் எல்லாம் சேர்த்து கம்பியூட்டர் பாவிக்கிறவங்க அறுபது பேர். இதுவரைக்கும் லொகின் அவங்கவங்க இஷ்டம். ஒருத்தர் "கிளாக்கர்2", ஒருத்தர் வீட்டுச் செல்லப்பேரு. இப்ப புது சர்வர் வருது. சொந்தப் பேர், புள்ளி, அப்பா பேர்னு வைக்கலாமா?

பதுளை_நெட்வர்க்:
வேணாம் தம்பி. லெட்சுமிக்குப் பிறப்புச் சான்றிதழ்ல ஒரு ஸ்பெலிங், அடையாள அட்டையில இன்னொன்னு, பேங்க் புத்தகத்துல மூணாவது. எதை வைப்ப? நீளம் வேற. பாலசுப்பிரமணியம் புள்ளி கிருஷ்ணமூர்த்தின்னு ஆங்கிலத்துல எண்ணிப் பாரு, 30 வரும். விண்டோஸ் சர்வர்ல எல்லார் கணக்கையும் வச்சிருக்கிற ஆக்டிவ் டிரெக்டரியில பழைய வகை லொகின் பேருக்கு இடமே 20 எழுத்துதான். ஊழியர் நம்பரைப் போட்டுட்டுப் போ.

தலவாக்கலை_அக்கா:
மாசக் கடைசியில செக்ரோல், அதான் தொழிலாளர் வேலைநாள் சம்பளப் பதிவு, அடிக்கிற ஒபிஸ்ல உக்காந்து பாத்திருக்கீங்களா அண்ணே? எங்க இடத்துல நம்பர்தான் குடுத்தாங்க. ரெண்டே வாரம், மொனிட்டர் ஓரமெல்லாம் நம்பர் எழுதின மஞ்சள் கடதாசித் துண்டு. துண்டு தொலைஞ்சவங்க பெரிய கிளாக்கர் லொகின்ல பூந்துட்டாங்க. ஒருநாள் கொழுந்து நிறை 18 கிலோ, 28 ஆயிருச்சு. பதிவைப் பாத்தா பெரிய கிளாக்கர். மனுசன் அன்னைக்கு லீவுல வீட்டுல இருந்தாரு!

பதுளை_நெட்வர்க்:
அடுத்தவன் லொகின்ல பூர்றவன் பேர் வச்சாலும் பூருவான்.

தலவாக்கலை_அக்கா:
பூருவான். ஆனா தன் பேரு மறந்துபோச்சுன்னு சாக்கு சொல்ல முடியாதே.

கண்டி_குமார்:
அடையாள அட்டை நம்பரையே குடுத்தா? எல்லாருக்கும் மனப்பாடம்.

பதுளை_நெட்வர்க்:
ஐயோ சாமி! அதுல பிறந்த வருஷமும் நாளும் இருக்கு, பொம்பளைன்னா நாளோட 500 கூட்டியிருக்கும். பழைய 9 இலக்கமும் சரி, 2016ல வந்த 12 இலக்கமும் சரி. ஆளோட வயசைத் திரையில ஒட்டிவைக்கிற வேலை அது.

பண்டாரவளை_சிஸ்டம்:
எங்க ஒபிஸ்ல ஒரு பிள்ளை கல்யாணம் முடிச்சு இனிஷியல் மாத்திச்சு. ஐடிக்காரர் பழைய கணக்கை அழிச்சுட்டுப் புதுசு போட்டாரு. எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் அனுமதி இல்லைங்குது. பேரை மட்டும் மாத்தியிருந்தா இந்தப் பாடில்ல. விண்டோஸ் உள்ளுக்குப் பாக்கிறது பேரை இல்ல, கணக்குக்குக் குடுத்த எஸ்ஐடிங்கிற நம்பரை, லினக்ஸ்ல யூஐடி. பேர் மாறினாலும் அது மாறாது. மெசினுக்கு நம்பர் ஏற்கனவே இருக்கு அண்ணே, மனுசன் தலையில ஏன் இன்னொன்னு கட்டணும்?

பதுளை_நெட்வர்க்:
அது நியாயம். ஆனா பேரை மாத்தினாலும் சி டிரைவுல அந்த ஆளோட ஃபோல்டர் பழைய பேர்லயே கிடக்கும், ஈமெயிலைத் தனியா மாத்தணும். அறுபது பேர்னா சமாளிப்ப. ஆறாயிரம்னா அழுவ. இன்னொன்னு, விலகிப் போனவங்க லொகினைப் புதுசா வந்தவங்களுக்குக் குடுத்துடாத. பழைய பதிவுல எது யாரு செஞ்சதுன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது.

தேயிலைமலை_ஐடி:
சரி, அறுபதுதானே. ஒரு இனிஷியல், அப்புறம் பேர். ஸ்பெலிங் சம்பளப் பட்டியல்ல இருக்கிறபடி. ஒரே பேர் வந்தா பின்னால 2, 3. ஆனா ஒரே இனிஷியல்ல மூணு லெட்சுமி இருக்காங்க. யாரு வெறும் லெட்சுமி, யாரு லெட்சுமி 3ன்னு இப்பவே முறைச்சுக்கிறாங்க.

தலவாக்கலை_அக்கா:
வேலைக்குச் சேர்ந்த திகதிப்படி போடு தம்பி. போட்டுட்டு அன்னைக்கு லீவு எடுத்துக்க.