ஆய்வு வலைவாசலுக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸ்களில் அனுமதியை எங்கே சரிபார்ப்பது?

தரமணி_நிரலர்

வணக்கம். சென்னையில் கடலோர நீர்நிலைகளை ஆராயும் ஒரு நிறுவனத்தின் தரவு வலைவாசலை மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பழவேற்காடு, எண்ணூர், கோவளம் பகுதிகளில் எடுக்கப்படும் நீர் மாதிரிகள், வண்டல் மாதிரிகள் ஆகியவற்றின் அளவீடுகள் இதில் சேர்கின்றன. பயனர் கண்ணுக்குத் தெரிவது வலைவாசல் மட்டுமே. அதற்குப் பின்னால் தேடல், கோப்புப் பதிவிறக்கம், கணிப்பு, சென்சார் தரவு என நான்கு வெப் சர்வீஸ்கள் தனித்தனியாக ஓடுகின்றன.

ரோல் என்பதைப் பொறுப்பு என்றே எழுதுகிறேன். நிர்வாகி, ஆய்வாளர், மாணவர், விருந்தினர் என்ற நான்கு பொறுப்புகளை வைத்து, யாருக்கு எந்தப் பொத்தான் தெரிய வேண்டும் என்பதை வலைவாசல் முடிவு செய்கிறது. ஆனால் சர்வீஸ்களை அழைக்கும்போது, கேட்டவர் யாராக இருந்தாலும், வலைவாசலுக்கென்று வைத்திருக்கும் ஒரே ஏபிஐ சாவியைத்தான் (சர்வீஸ்களுக்குள் நுழைய விடும் ரகசியக் குறியீட்டைத்தான்) அனுப்புகிறது. பெரிய கோப்புகள் வலைவாசல் வழியாக வந்தால் தாமதமாகின்றன என்பதால், பதிவிறக்க சர்வீஸுக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் இடைநிலை நிரலான ஒரு ப்ராக்ஸியை வைத்தோம். அது பயனர் லாகின் செய்திருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சாவியைச் சேர்த்து உள்ளே அனுப்பிவிடும்.

மே மாதத்தில் திட்டப்பணியை முடித்துச் சென்ற ஒரு மாணவர், ஜூலையில் தன் பழைய கோப்பு ஒன்றை எடுக்க வந்தார். பதிவிறக்க முகவரி 4172 என்று முடிந்தது. கை தவறி 4173 என்று அடித்திருக்கிறார். வேறொரு குழு இன்னும் வெளியிடாத எண்ணூர் வண்டலின் கன உலோக அளவீடுகள் அப்படியே இறங்கிவிட்டன. அவரே அன்று மாலை என்னை அழைத்துச் சொன்னார். அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இதற்கு முன் வேறு யாரேனும் இப்படி எடுத்தார்களா என்று பார்க்கப் பதிவேட்டைத் திறந்தால், அத்தனை வரிகளிலும் ‘வலைவாசல்’ என்ற ஒரே பெயர்தான் இருந்தது.

எனக்கு மூன்று ஐயங்கள். சரிபார்ப்பை ப்ராக்ஸியில் வைப்பதா, ஒவ்வொரு சர்வீஸிலும் வைப்பதா? எங்களிடம் 26 திட்டங்கள் இருக்கின்றன. திட்டத்துக்கு நான்கு என்று பிரித்தால் 104 பொறுப்புகள் ஆகிவிடும், இதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? கணிப்பு வேலைகள் சில 18 மணி நேரம் ஓடுகின்றன. ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் டோக்கனை (பயனர் யார் என்று காட்டும் மின் அனுமதிச் சீட்டை) வைத்துக்கொண்டு அவற்றை எப்படி நடத்துவது?

கிண்டி_கட்டமைப்பு

முதல் ஐயத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

உங்கள் ப்ராக்ஸி செய்ததை 1988இலேயே நார்ம் ஹார்டி என்பவர் விளக்கி எழுதியிருக்கிறார். நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் ஒரு கம்பைலருக்குத் தன் புள்ளிவிவரங்களை எழுதிவைப்பதற்காக ஒரு குறிப்பிட்ட டைரக்டரியில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது. அதே டைரக்டரியில்தான் கட்டணக் கணக்குக் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர், பிழைத்திருத்த விவரங்களை எழுத வேண்டிய கோப்பின் பெயராக அந்தக் கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் தனக்கிருந்த உரிமையைக் கொண்டு அதன்மேல் எழுதிவிட்டது; கணக்கு அழிந்தது. தன்னை அனுப்பியவரின் உரிமை எது, தன் சொந்த உரிமை எது என்று பிரித்தறியாத முகவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். உங்கள் ஒற்றைச் சாவியும் அத்தகைய முகவரே.

ஆகவே பயனர் யார் என்பது கடைசி சர்வீஸ் வரை போய்ச் சேர வேண்டும். இதற்கென்றே 2020இல் வெளியான ஆர்எஃப்சி 8693 என்ற இணையத் தர ஆவணம் டோக்கன் மாற்றும் முறையை வரையறுக்கிறது. பயனருடைய டோக்கனை வலைவாசல், டோக்கன்களை வழங்கும் அங்கீகார சர்வரிடம் கொடுத்து, பதிவிறக்க சர்வீஸுக்கு மட்டும் செல்லுபடியாகும் வேறொரு டோக்கனைப் பெறுகிறது. அந்த டோக்கனில் யாருக்காக, யார் வழியாக என்ற இரண்டு விவரங்களையும் இடம்பெறச் செய்யலாம். பதிவேட்டில் இரண்டையும் எழுதிவைத்தால் நீங்கள் பட்ட சிரமம் மறுபடி வராது. சர்வீஸ் தன் பங்குக்கு அந்த டோக்கனின் கையொப்பம், வழங்கியவர், காலாவதி, தனக்காக வழங்கப்பட்டதா என்பது ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், தேடலுக்காகக் கொடுத்த டோக்கன் பதிவிறக்கத்திலும் செல்லும்.

ப்ராக்ஸி டோக்கனைச் சரிபார்ப்பது நல்லதுதான், ஆனால் 4173 எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. அது பதிவிறக்க சர்வீஸின் தரவுத்தளத்துக்கே தெரியும். எனவே கோப்பைத் தேடும் எஸ்க்யூஎல் வினவலிலேயே ‘இந்தப் பயனர் இடம்பெற்றுள்ள திட்டங்களுக்குள்’ என்ற நிபந்தனையைச் சேருங்கள். கோப்பை எடுத்துவிட்டு அடுத்த வரியில் அனுமதியைப் பார்க்கும் நிரலில், அந்த அடுத்த வரியை என்றாவது ஒருவர் மறந்துவிடுவார். நிபந்தனைக்குள் வராத கோப்புக்கு 403 (அனுமதி இல்லை) என்ற பதிலைத் தராமல் 404 (அப்படியொன்று இல்லை) என்பதைத் தாருங்கள். 403 என்றால் அப்படியொரு கோப்பு இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

கோப்பு எண்ணை ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துச்சரமாக மாற்றிவிட்டால் போதும் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். மாற்றலாம், ஆனால் மின்னஞ்சலில் பகிரப்பட்ட முகவரிக்கு அது எந்தத் தடையும் ஆகாது. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ பாதுகாப்புக் குறைகள் பட்டியலில் 2019இலும் 2023இலும் முதலிடத்தில் இருப்பது, கேட்கப்படும் பொருளின் அளவில் அனுமதியைப் பார்க்காமல் விடும் இந்தக் குறைதான்.

பதிவேட்டாளர்_திருவான்மியூர்

நீங்கள் ரோலைப் பொறுப்பு என்று எழுதியதே உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடையைக் காட்டுகிறது. நம் அலுவலகங்களில் ஒருவர் பொறுப்பேற்கிறார், மாறுதலாகும்போது பொறுப்பை ஒப்படைக்கிறார். அலமாரிச் சாவி அந்த இருக்கைக்கு உரியது. இருக்கையில் இருக்கும் வரைதான் அவரிடம் இருக்கும். பொறுப்பை வைத்து அனுமதி தரும் முறை பற்றி 1992இல் ஃபெராயோலோவும் குனும் எழுதிய கட்டுரையும், 1996இல் ரவி சாந்துவும் உடனாளர்களும் தந்த மாதிரிகளும், 2004இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட வடிவமும் அடிப்படையில் இதைத்தான் சொல்கின்றன: உரிமைகள் பொறுப்போடு சேர்கின்றன, மனிதர்கள் பொறுப்புக்கு வந்து போகிறார்கள்.

எனவே 104 பொறுப்புகள் வேண்டாம். பொறுப்புகள் நான்காகவே இருக்கட்டும். ஆய்வாளர் என்ன செய்யலாம், மாணவர் என்ன செய்யலாம் என்பதை ஒரு சிறிய அட்டவணையில் ஒரே முறை எழுதிவிடுங்கள். இன்னோர் அட்டவணையில் யார், எந்தத் திட்டத்தில், எந்தப் பொறுப்பில், எந்தத் தேதி வரை என்ற நான்கு நெடுவரிசைகள் இருக்கட்டும். ‘எந்தத் தேதி வரை’ என்பதைக் காலியாக விட அனுமதிக்காதீர்கள். உங்கள் மாணவரின் உரிமை மே மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டும். முடிக்க வேண்டியவர் மறந்தாலும் தேதி மறக்காது.

வெளி நிறுவன ஆய்வாளர்களை பல்கலைக்கழக நூலகங்களுக்கான இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும், தாய் நிறுவனக் கணக்கைக் கொண்டே லாகின் செய்ய உதவும் இன்ஃபெட் கூட்டமைப்பு வழியாக லாகின் செய்ய விடுகிறீர்களா? அப்படியானால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் மாணவர், இவர் ஆசிரியர் என்று வரும் தகவல் அவர்களுடைய தாய் நிறுவனம் தரும் சான்று. உங்கள் எண்ணூர்த் திட்டத்தில் அவருக்கு என்ன பொறுப்பு என்பதை அந்தத் திட்டத்தின் தலைமை ஆய்வாளர் மட்டுமே சொல்ல முடியும். ஆசிரியர் என்று வந்தவுடன் ஆய்வாளர் பொறுப்பைத் தானாகக் கொடுக்கும் நிரலை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய ஓட்டை.

வெளியீட்டுக்கு முன் இந்தத் தேதி வரை மூடி வைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைப் பொறுப்புக்குள் திணிக்க வேண்டாம். அவை கோப்பின் பண்புகள், கோப்போடு இருக்கட்டும். அளவீட்டைப் பதிவேற்றியவரே அதை வெளியிடவும் ஒப்புதல் தரக்கூடாது என்ற விதியையும் சேர்த்துவிடுங்கள்.

தரமணி_நிரலர்

இருவருக்கும் மிக்க நன்றி. திட்டப் பொறுப்புகளை டோக்கனுக்குள்ளேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று சக நிரலர் சொல்கிறார். அது சரியா?

கிண்டி_கட்டமைப்பு

நான் அப்படிச் செய்ய மாட்டேன். டோக்கனில் எழுதியது அது காலாவதியாகும் வரை மாறாது. காலை பத்து மணிக்கு ஒருவரைத் திட்டத்திலிருந்து நீக்கினால், பதினொரு மணி வரை அவர் கையிலுள்ள டோக்கன் அவரை உறுப்பினராகவே காட்டும். டோக்கனில் அடையாளம் மட்டும் இருக்கட்டும். பொறுப்பை ஒரு சிறு சர்வீஸிடம் கேட்டு, விடையை ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் செய்யுங்கள்.

நீண்ட கணிப்பு வேலைக்குப் பயனரின் டோக்கனையோ, அதைப் புதுப்பிக்கும் டோக்கனையோ கொடுக்காதீர்கள். வரிசையில் சேர்க்கும்போது உரிமையைச் சரிபார்த்து, குறிப்பிட்ட உள்ளீட்டுக் கோப்புகளைப் படிக்கவும் ஒரே ஒரு வெளியீட்டு டைரக்டரியில் எழுதவும் மட்டும் அந்த வேலைக்கெனத் தனி அனுமதி கொடுங்கள். முடிவுகளை எடுக்க வரும்போது மறுபடி சரிபார்க்க வேண்டும். இடையில் அவர் திட்டத்தை விட்டு விலகிவிட்டால் வேலையையே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

பதிவேட்டாளர்_திருவான்மியூர்

கடைசி வரியில் மட்டும் உடன்பட இயலவில்லை. கணிப்பு அந்தத் திட்டத்துக்குரியது. தொடங்கியவர் போய்விட்டார் என்பதற்காகப் பதினேழாவது மணி நேரத்தில் அதை நிறுத்தினால், எஞ்சியிருக்கும் குழுவுக்குத்தான் இழப்பு. வேலை ஓடி முடியட்டும், முடிவைத் திட்டத்தில் இப்போது பொறுப்பில் இருப்பவர்கள் எடுக்கட்டும், நிறுத்தும் உரிமை தலைமை ஆய்வாளரிடம் இருக்கட்டும்.

தரமணி_நிரலர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதிவிறக்கம், தேடல், கணிப்பு மூன்றிலும் சரிபார்ப்பைச் சேர்த்துவிட்டோம். முதல் ஒன்பது நாள் யாரையும் தடுக்காமல், தடுத்திருக்க வேண்டியவற்றைப் பதிவேட்டில் மட்டும் எழுதி வைத்தோம். அதில்தான், வலைவாசலின் சாவியை வைத்துக்கொண்டு தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு ஓடும் ஒரு பழைய ஸ்கிரிப்ட் இருப்பது தெரிந்தது. அதற்குத் தனி அடையாளமும், படிக்கும் உரிமை மட்டும் கொண்ட பொறுப்பும் கொடுத்த பிறகே தடையை இயக்கினோம். கணிப்பு வேலைகளில் இரண்டாவது யோசனையைத்தான் தலைமை ஆய்வாளர்கள் விரும்பினார்கள். வேலை திட்டத்துக்கே உரியது என்று வைத்திருக்கிறோம்.

திட்டம் முடியும்போது மாணவர்கள் நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் கையொப்பம் வாங்கும் ‘பாக்கி இல்லை’ படிவத்தில் தரவு வலைவாசலுக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அதில் கையொப்பமிடுவதற்கு முன் அந்த மாணவரின் பொறுப்புத் தேதிகளைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.

சென்சார் சர்வீஸ் மட்டும் மீதம் இருக்கிறது. அதை எழுதியவர் இப்போது இல்லை, நிரலைத் தொட யாருக்கும் துணிவில்லை. அதன் முன்னால் ஒரு சிறு நிரலை நிறுத்தி, அனுமதியைப் பார்த்த பிறகே உள்ளே விடும்படி செய்து வருகிறோம். அது முடியும் நாளில் பழைய ஒற்றைச் சாவியை ரத்து செய்துவிடுவோம்.