மறைந்த பாடகரின் குரலுக்கு நான் பாடிக் கொடுக்கலாமா?

நெல்லை மேடைக்குரல் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா என்று எது வந்தாலும் போவோம். எஸ்.பி.பி. பாட்டுக்கு ஓர் ஆள், யேசுதாஸ் பாட்டுக்கு ஓர் ஆள் என்று குழுவுக்குள் பிரித்து வைத்திருக்கிறோம். மலேசியா வாசுதேவன் பாட்டெல்லாம் என் பங்கு. ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்கு அவர் பாடிய பொங்கல் பாட்டைப் பாடாமல் எந்த ஊர்க் கொடையிலும் என்னை மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள்.

இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. தேர்தல் பிரச்சாரப் பாட்டு தயாரித்துக் கொடுக்கும் தம்பி ஒருவர் வீடு தேடி வந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. மெட்டும் வரிகளும் தயாராக இருக்கின்றன. நான் பாடிக் கொடுத்தால், அதை ஏஐயில் போட்டு மறைந்த ஒரு பாடகரின் குரலாக மாற்றிவிடுவார்களாம். எந்தப் பாடகர் என்பதையும் எழுதவில்லை, அவர் குடும்பத்தார் கண்ணில் இந்த விஷயம் இப்படிப் பட வேண்டாம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போகும் பாட்டு அது. என் பெயர் எங்கேயும் வராது. “உங்க பேரைப் போட்டா அவர் பாடினதுன்னு யாருண்ணே நம்புவாங்க?” என்றார். நாலைந்து கச்சேரியில் கிடைக்கிற பணத்தை இந்த ஒரு பாட்டுக்குத் தருகிறாராம். வாத்தியக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் லேப்டாப்பும் கரோக்கியும் வந்துவிட்ட காலம் இது. எனக்கு அது பெரிய பணம்.

சினிமாவில் இதே வேலையைச் செய்தபோது நான் ஆசையாகக் கேட்டேன். 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், பம்பா பாக்யாவையும் சாகுல் ஹமீதையும் ஏஐ மூலம் பாட வைத்தார். பாக்யா 2022 செப்டம்பரில் போனவர். சாகுல் ஹமீது 1998லேயே சாலை விபத்தில் போய்விட்டார். ‘திருடா திருடா’வில் வாத்தியமே இல்லாமல், குரல்களை மட்டும் வைத்து ஒரு பாட்டு வருமே, அதைப் பாடியவர். மேடையில் அந்தப் பாட்டை எடுக்க எங்கள் குழுவுக்கு இன்றைக்கும் தைரியம் வராது. இருவர் குடும்பத்திலும் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக ரஹ்மான் பகிரங்கமாகச் சொன்னார். அதைப் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம் ‘தி கோட்’ படத்தில் ஏஐ மூலம் பவதாரிணி குரலில் வந்த பாட்டு. பவதாரிணி 2024 ஜனவரி 25 அன்று இறந்தார். அந்தப் பாட்டை பெங்களூரில் மெட்டமைத்தபோதே, அக்கா உடம்பு தேறி வந்ததும் அவரைப் பாட வைக்க வேண்டும் என்று யுவன் நினைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சாவுச் செய்தி வந்துவிட்டது. கூடப் பிறந்தவன் தன் அக்கா குரலை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டதில் யார் குறை சொல்ல முடியும்? நான் அழுதுகொண்டேதான் கேட்டேன். அதே வருடம் ‘வேட்டையன்’ படத்தில் மலேசியா வாசுதேவன் வந்தார். 2011இல் மறைந்த மனுஷன், மகன் யுகேந்திரனோடும் அனிருத்தோடும் சேர்ந்து பாடுகிறார்! அடுத்து வந்த கொடைகளில் அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். நானும் சந்தோஷமாகப் பாடினேன்.

அரசியலிலும் அந்த வருடமே இது வந்துவிட்டது. ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் கலைஞர் திரையில் தோன்றிப் பேசினார். பிப்ரவரி 24 அன்று, ஜெயலலிதா பிறந்தநாளில், அவர் குரலில் ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. இரண்டையும் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அவர்கள் வாழ்நாள் முழுக்கத் தங்கள் கட்சிக்காகப் பேசியவர்கள். என்னைப் பாடச் சொல்கிற குரலுக்கு உரியவர் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டதில்லை.

நான் பாடிக் கொடுத்தால் அந்தப் பாட்டில் என்னுடையது எவ்வளவு இருக்கும்? சட்டம் என்ன சொல்கிறது? என் இடத்தில் நீங்கள் இருந்தால் பாடுவீர்களா?

வடபழனி ஒலிக்கூடம்:

அண்ணே, நான் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். குரல் மாற்றும் வேலையும் செய்திருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொல்கிற முறையில் ஏஐ தானாகப் பாடாது. பழைய பாட்டுகளிலிருந்து வாத்தியத்தை நீக்கிக் குரலை மட்டும் பிரித்தெடுப்போம். அதைக் கொடுத்து மாடலை, அதாவது குரலைக் கற்றுக்கொள்கிற கணினி நிரலை, பழக்குவோம். அது கற்றுக்கொள்வது குரலின் நிறத்தை மட்டும்தான். பிறகு ஒருவர் பாடியதை உள்ளே கொடுத்தால், அந்த நிறத்தைப் பூசி வெளியே தரும். சுருதி, தாளம், மூச்சு விடும் இடம், சங்கதி, ‘ழ’ சொல்கிற விதம் எல்லாம் பாடிக் கொடுத்தவருடையது. சுமாராகப் பாடுகிறவர் பாடிக் கொடுத்தால், அந்தப் பெரிய பாடகர் சுமாராகப் பாடியதுபோல வரும். உங்களைத் தேடி வந்ததற்குக் காரணம் இதுதான். ஒரு வார்த்தையை அவர் எங்கே இழுப்பார், எங்கே லேசாகச் சிரிப்பார், எந்த எழுத்தில் அழுத்துவார் என்று உங்களுக்குத் தெரியும். மாடலுக்குத் தெரியாது.

பழைய மோனோ பதிவுகளில் எதிரொலியும் குரலும் ஒட்டிக்கிடக்கும், சுத்தமாகப் பிரியாது. ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் தகரச் சத்தம் கேட்கும். நல்ல ஹெட்போனில் கண்டுபிடித்துவிடலாம். ஆட்டோ ஒலிபெருக்கியில் யாருக்கும் தெரியாது.

பீட்டில்ஸ் 2023 நவம்பரில் வெளியிட்ட ‘நவ் அண்ட் தென்’ பாட்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஜான் லெனன் 1970களின் கடைசியில் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பாடி வைத்தது அது. பியானோவிலிருந்து குரலைப் பிரிக்கத்தான் கணினியைப் பயன்படுத்தினார்கள். பாடியது லெனனேதான். அதற்கு 2025இல் கிராமி விருதும் கிடைத்தது. உங்களிடம் கேட்பது அதுவல்ல.

டிராக் பாடுவது, அதாவது பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் மாதிரிக்காகப் பாடி வைப்பது, நம் ஊரில் பழைய தொழில். டிராக் பாடியவர் பெயரும் வெளியே வராதுதான். ஆனால் பெரிய பாடகர் வந்து அதைக் கேட்டு, தனக்குப் பிடித்த மாதிரி மாற்றிப் பாடிவிட்டுப் போவார். டிராக் அழிந்துவிடும். இதில் அழிப்பதற்கு ஆளே வரப்போவதில்லை. நீங்கள் பாடியதுதான் தெருவில் ஓடும். அதனால் பெயர் போடாத இடத்தில் பாடாதீர்கள் அண்ணே. இன்னொன்று, நீங்கள் பாடிய அசல் கோப்பு அவர்களிடம் இருந்தால் அதை வைத்து உங்கள் குரலுக்கே ஒரு மாடல் செய்துவிட முடியும். வேறு எந்த வேலைக்கு ஒத்துக்கொண்டாலும், அதைச் செய்யமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள்.

மதுரைக் கிளை வழக்கறிஞர்:

சார், உயிரோடு இருக்கிற பாடகர்களுக்கு நீதிமன்றம் துணைக்கு வந்திருக்கிறது. 2024 ஜூலையில் அரிஜித் சிங் வழக்கில், அவர் குரலை அனுமதியில்லாமல் ஏஐ மூலம் நகலெடுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. இறந்தவர்கள் விஷயம்தான் சிக்கல். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து ஜெ. தீபா போட்ட வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், சொத்து மாதிரி வாரிசுக்குப் போகாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது.

பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகர்களுக்கான நிகழ்த்துநர் உரிமை 50 வருடம் இருக்கிறது. ஆனால் அது அவர் பாடிய பாட்டுக்கான உரிமை. அவர் பாடாத பாட்டில் அவர் குரலைப் போட்டால் என்ன என்று அந்தச் சட்டத்தில் நேரடியாக எதுவும் இல்லை. ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலை ஏஐயில் உருவாக்கியதற்காக எஸ்.பி. சரண் 2024இல் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் குரலைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டு, 2024 ஜூலை 1 முதல் அமலில் வைத்திருக்கிறது. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த மாநிலம் என்பதால் சட்டத்தின் சுருக்கப் பெயரும் எல்விஸ்தான். அப்படி ஒன்று நமக்கும் வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ரஹ்மான் அனுமதி கேட்டது அவருடைய பெருந்தன்மை. எல்லோரும் ரஹ்மானாக இருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

உங்கள் வேலையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பிரச்சாரத்தில் ஏஐ மூலம் உருவாக்கியவற்றில் அதைத் தெரியும்படி குறிப்பிட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 ஜனவரியில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. அதே வருடம் அக்டோபரில் இன்னும் கறாராக, ஒலிப்பதிவு என்றால் தொடக்கத்தின் 10 சதவீத நேரத்துக்கு அந்த அறிவிப்பு இருக்க வேண்டும் என்றது. ‘யார் நம்புவாங்க’ என்று அந்தத் தம்பி சொன்னதிலிருந்தே இதைச் செய்யப்போவதில்லை என்று தெரிகிறது. நாளைக்குப் புகார் வந்தால், பாடியது யார் என்று தேடி உங்கள் வீட்டுக்கும் ஆள் வரலாம்.

ஈப்போ வாசகி:

அண்ணா, நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் வேறு எண்ணம்.

வாசுதேவன் இங்கே பிறந்து, இங்கே நாடகங்களில் நடித்து, பிறகு சென்னைக்குப் போனவர். எங்கள் நாட்டுப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்தவர். மின்னல் எஃப்.எம்.மில் அவர் பாட்டு வந்தால் என் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பார். ‘வேட்டையன்’ பாட்டைக் கேட்டுவிட்டு, “இந்தப் பிள்ளை இன்னும் பாடுதா?” என்று கேட்டார். ஏஐ என்று விளக்கினேன். “சரி, நல்லாத்தானே இருக்கு” என்றார். அவருக்குக் கிடைத்த அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும்? இளம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு ‘முதல் மரியாதை’ பாட்டுகளைத் தேடிப் போனார்கள். அதுவும் நல்லதுதானே?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடமாக மேடையில் அவர் மாதிரிப் பாடித்தானே சம்பாதிக்கிறீர்கள்? அவர் குடும்பத்தைக் கேட்டா பாடுகிறீர்கள்? தொண்டையால் செய்வதற்கும் கணினியால் செய்வதற்கும் நடுவில் என்ன வித்தியாசம் பார்க்கிறீர்கள்? ஓட்டுக் கேட்கிற விஷயம் வேறு, அதில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் குரலை நகலெடுப்பதே பாவம் என்பதுபோல யாராவது எழுதினால் ஏற்கமாட்டேன்.

நெல்லை மேடைக்குரல்:

தங்கச்சி, கேட்டது நல்ல கேள்வி. இதில் தப்பாக எடுக்க என்ன இருக்கிறது?

மேடையில் நான் பாடும்போது அறிவிப்பாளர் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் அசல் பாட்டைக் காதில் வைத்துக்கொண்டுதான் என்னைக் கேட்பார்கள். சரணத்தில் ஒரு சங்கதி தவறினால் அன்றைக்கே டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அது மலேசியா வாசுதேவன் இல்லை, அவர் பாட்டை இந்த ஆள் பாடுகிறான் என்று கூட்டத்துக்கே தெரியும். யாரையும் ஏமாற்றவில்லை. அந்த ஆட்டோவில் போகிற பாட்டு, இது அவரேதான் என்று ஜனங்கள் நம்பினால்தான் வேலை செய்யும். எனக்கு வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு உண்மையைச் சொன்னீர்கள், சொன்ன பிறகும் அவருக்குப் பிடித்திருக்கிறது. அது எனக்கும் சந்தோஷம்தான்.

அது மட்டுமில்லை. பின்னணிப் பாடகர் என்றால் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கிறவர். குடிகாரனுக்கும் பாடுவார், சாமியாருக்கும் பாடுவார். அவர் போன பிறகு இன்னொரு பாத்திரத்துக்கு, குடும்பம் சம்மதித்து, அந்தக் குரலை எடுத்தால் அவருடைய தொழிலின் தொடர்ச்சி என்று என்னால் ஏற்க முடிகிறது. ‘இவருக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்பது பாத்திரம் பேசுவது இல்லை. அது அவரவர் சொந்த வாக்கு. அதை உயிரோடு இருந்தபோது ஒரு மனுஷன் கொடுக்காமல் போயிருந்தால், அவர் தொண்டையை வைத்து நான் கொடுக்கக் கூடாது. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

ஒலிக்கூடம் தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கீபோர்டு வாசிக்கிறவர், “அப்போ இத்தனை நாள் ஏஐ பாடிச்சுன்னு சொன்ன பாட்டிலெல்லாம் அடியில யாரோ ஒருத்தர் பாடியிருக்காரா?” என்று கேட்டார். அந்த ஒருத்தர் பெயரை எல்லாப் பாட்டின் விவரத்திலும் போட வேண்டும் என்பது இப்போது என் கோரிக்கை. மறைந்தவர் பெயரும் இருக்கட்டும், பாடிக் கொடுத்தவர் பெயரும் இருக்கட்டும். எங்களைப் போன்ற மேடைப் பாடகர்களுக்கு இனிமேல் வரப்போகிற வேலை இதுதான் என்றால், இதை இப்போதே கேட்காமல் எப்போது கேட்பது?

அந்தத் தம்பிக்குப் போன் பண்ணிவிட்டேன். குரலை மாற்றும் வேலைக்கு நான் வரவில்லை, என் குரலில் என் பெயர் போட்டு வேண்டுமானால் பாடித் தருகிறேன் என்றேன். பணம் குறையும் என்றார். சரி என்றேன். கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வக்கீல் சார், அவர் ஒத்துக்கொண்டால் எழுதி வாங்க வேண்டிய தாள் எப்படி இருக்க வேண்டும்? என் குரலை மாடல் செய்யக் கூடாது, பாட்டை வேறு குரலாக மாற்றக் கூடாது, பெயர் போட வேண்டும், இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி வைத்தால் போதுமா, முத்திரைத்தாளே வேண்டுமா? தமிழிலேயே எழுதலாம்தானே?