அடிவாரத்தைத் தாண்டாத ஆறு வருடம்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒருமுறை எங்கள் பேருந்து வளைவில் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு வருடம் நான் மலையேறவே இல்லை. அக்கா அங்கேதான் குடியிருக்கிறாள். அவள் மகளின் மஞ்சள் நீராட்டுக்குக்கூடப் போகவில்லை. "தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதவர்கள் கிடையாது.

சேலத்தில் நான் பார்த்த ஆலோசகர் அம்மா அப்படிச் சொல்லவில்லை. பயத்தைப் படிப்படியாக எழுதி மதிப்பெண் போடச் சொன்னார். நிற்கிற பேருந்தில் உட்கார்வது 25, அடிவாரம் வரை போய்த் திரும்புவது 50, இருபதாவது கொண்டை ஊசி வளைவு 100. கூடவே உடம்பைத் தளர்த்தும் பயிற்சி: முஷ்டியை இறுக்கி மெல்ல விடுவது, அப்புறம் தோள், தாடை. 1950களில் வோல்பே என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் வகுத்த முறையாம். அதற்கும் முன்னால், 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடியே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தாராம். அந்தப் பையன் கதைதான் எனக்கு நம்பிக்கை தந்தது.

மலையேறிய அன்று மூன்றாவது வளைவில் நான் பிடித்திருந்த கம்பியே வியர்வையில் வழுக்கியது. இறங்கிவிடலாம் என்று கண்டக்டரைப் பார்த்தேன். "பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனசு நம்பிவிடும்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். உட்கார்ந்தே இருந்தேன். பயத்தின் மதிப்பெண் 90. மறுபடி 90. அப்புறம் 85. எட்டாவது வளைவு வந்தபோது 60. அப்போதுதான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சேலத்தைப் பார்த்தேன்.

மலையிலிருந்து கீழே வரும் பயம் இன்னும் 40இல் நிற்கிறது. அதற்குத் தனியாகப் படிகள் எழுதியிருக்கிறோம்.

பதில்:

நீங்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் படித்ததும் என் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது, சகோதரி. செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. பூட்டிவிட்டு வந்தவர் ராத்திரி ஏழெட்டுத் தடவை போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். "பூட்டியாச்சா?" என்று கேட்பார், நானும் "பூட்டியாச்சுங்க" என்பேன். அந்தப் பதில்தான் நோயை வளர்க்கிறது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருதடவை பூட்டியதும் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், நானும் பதில் சொல்லக் கூடாது. முதல் வாரம் இருவருமே தூங்கவில்லை. நேற்று ஒரே ஒருதடவை கேட்டார். நான் பேசாமல் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.