பேனலில் கோலம் இழுபடுகிறது, நிழலையும் காணோம்: பொங்கலுக்குள் முடிக்கணும்

லாஸ்பேட்டை_டெஸ்க்டாப்: எங்கள் சென்டரின் லினக்ஸ் கணினிகளுக்குப் புதுவைத் தீம் (திரையின் தோற்றம்) செய்கிறேன். ஒயிட் டவுன் சுவர் மஞ்சள், வெள்ளை ஓரம், நடுவில் புள்ளிக்கோலம். வரையும் மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் அருமையாக இருக்கிறது. தீமில், திரையோரப் பட்டையான பேனலுக்குப் போட்டால் கோலம் ரப்பர் மாதிரி இழுபடுகிறது, ஓரத்து நிழலும் வரவில்லை. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்: எந்த டெஸ்க்டாப்? கேடிஇயா, க்னோமா? பதிப்பு என்ன? எந்தக் கோப்பை மாற்றினீர்கள்?

கெடிலக்கரை: கேஷ்தான் சார், அதாவது கணினி சேமித்து வைத்திருக்கும் பழைய படம். ஹோமில் மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டரில் பிளாஸ்மா என்று தொடங்குவதை அழித்துவிட்டு லாக்-அவுட் செய்து வாருங்கள்.

வில்லியனூர்: கேஷ் என்றால் பழைய படம்தானே தெரியணும்? இவருக்குப் புதுப் படமே கோணலாக வருகிறது. டெஸ்க்டாப் எது என்று சொல்லுங்கள் தம்பி.

லாஸ்பேட்டை_டெஸ்க்டாப்: கேடிஇ பிளாஸ்மா 5. மாற்றியது பேனல்-பேக்ரவுண்ட் கோப்பு. கேஷ் அழித்தேன், அதேதான்.

பழைய_பென்குவின்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். தீம் செய்யக் கிளம்புகிறவர்கள் பிளாஸ்மாவோடு வரும் பிரீஸ் தீமின் கோப்பை ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். பிளாஸ்மா 5-இல் படத்தை வரைவது க்யூடி 5 என்ற மென்பொருள் நூலகம். அது 2008-இல் வந்த எஸ்விஜி டைனி 1.2 என்ற கோட்டுப்படத் தரத்தோடு நின்றுவிடும். அந்தத் தரத்தில் ஃபில்டரே கிடையாது. நிழலுக்குப் போடும் பிளர், அதாவது மங்கலாக்குவது, ஒரு ஃபில்டர். நிழல் எப்படி வரும்?

வில்லியனூர்: பிளரை எடுத்துவிட்டு கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) போடுங்கள் தம்பி. ஓரங்களுக்கு லீனியர், மூலைகளுக்கு ரேடியல், கருப்பில் தொடங்கி ஒன்றுமில்லாமல் கரையணும்.

கோலத்துக்கு வருவோம். பேனல் படம் ஒன்பது துண்டு. மூலைகள் அளவு மாறாது, ஓரங்கள் ஓடு பதிப்பது போலத் திரும்பத் திரும்ப அடுக்கப்படும், நடுத்துண்டு மட்டும் இழுபடும். உங்கள் கோலம் அந்த நடுத்துண்டில் இருக்கிறது. ஹின்ட்-டைல்-சென்டர் (hint-tile-center) என்ற அடையாளப் பெயரோடு, அதாவது ஐடியோடு, ஒரு சின்னச் சதுரத்தைப் படத்துக்கு வெளியே வையுங்கள், நடுத்துண்டும் அடுக்கப்படும். ஐடி ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கணும். லேபிளை மாற்றினால் போதாது, இன்க்ஸ்கேப்பின் ஆப்ஜெக்ட் பிராபர்ட்டீஸில் ஐடியையே மாற்றி செட் அழுத்தணும். அப்புறம், துண்டின் இடது விளிம்பில் வெட்டுப்படும் கோடு வலது விளிம்பில் அதே உயரத்தில் தொடரணும். இல்லையென்றால் கோலம் அறுந்து தெரியும்.

மஞ்சக்குப்பத்தான்: இவ்வளவு பாடு எதற்கு? பிக்சல்களாகச் சேமிக்கும் பிஎன்ஜி படம் போதும். சென்டரில் பழைய கணினிகள்தான் இருக்கும், ஒவ்வொரு முறையும் வரைந்தால் தாங்குமா?

பழைய_பென்குவின்: ஒவ்வொரு முறையும் வரையாது. ஒருமுறை வரைந்ததைக் கேஷில் வைத்துக்கொள்ளும். அடிப்படையைப் படித்துவிட்டு யோசனை சொல்லலாம்.

கெடிலக்கரை: நான் சொன்னதும் அதைத்தானே! தீமின் பதிப்பு எண்ணை ஏற்றாமல் கோப்பை மட்டும் மாற்றினால் பழைய படம் ஒட்டிக்கொள்ளும்.

மஞ்சக்குப்பத்தான்: திரையை 200 சதவீதம் பெருக்கினால் பிஎன்ஜி மங்கும், ஒத்துக்கொள்கிறேன். என் கடையில் எல்லாமே 1366×768. அங்கே என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

வில்லியனூர்: நாளைக்குப் புது மானிட்டர் வாங்கினால் தெரியும். சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பிக்கு வேலை ஆகட்டும்.

லாஸ்பேட்டை_டெஸ்க்டாப்: கோலம் சரியாக அடுக்கிவிட்டது, நிழலும் வந்துவிட்டது. ரொம்ப நன்றி வில்லியனூர் அண்ணா.

கெடிலக்கரை: கடைசியில் கேஷ் அழித்தீர்களா, இல்லையா? கோப்பையும் பகிருங்களேன்.