நேரம் வைத்து ஒரு கடைசல் போட்டி: சண்டை வராமல், காயம் படாமல் எப்படி நடத்துவது?

சுருள்சிராய் (கோவை):

வணக்கம்ங்க. கோவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசல் பிடிக்கிற, அதாவது மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருவம் எடுக்கிற ஆட்கள் நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். யாருக்கும் இது பிழைப்பு கிடையாது. பேங்க், மில், பல் ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு வேலை, வாரம் முடிந்தால் கார் ஷெட்டிலோ மொட்டை மாடியிலோ இருக்கிற சின்ன லேத் (கட்டையைச் சுழற்றுகிற இயந்திரம்) முன்னால் போய் நின்றுவிடுவோம். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, நேரம் வைத்து ஒரு போட்டி நடத்தலாம் என்று ஆசை. பரிசு பெரிதாக ஒன்றும் இல்லை, ஜெயித்தவருக்கு மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு நல்ல உளி வாங்கித் தருவதாகப் பேச்சு.

இங்கே வந்து கேட்கக் காரணம் இருக்கிறது. போன வருடம் நான்கு பேர் மட்டும் சேர்ந்து, மத்துக்குக் கைப்பிடி கடைவது, யார் முதலில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி என்று வைத்தோம். பக்கத்து லேத்தில் வேலை முடியப்போகிறது என்று கண்ணில் பட்டதும் நான் டூல் ரெஸ்ட்டை (உளியைத் தாங்குகிற கம்பியை) நகர்த்தாமலே உளியை எட்டி நீட்டி வெட்டினேன். உளி கடித்துக்கொண்டது, அதாவது சுற்றுகிற கட்டையில் சிக்கிக்கொண்டது. கட்டை அதைப் பிடித்திருந்த சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து போய் ஷெட்டுத் தகரத்தில் மோதியது. முகக் கவசம் போட்டிருந்தேன், கட்டை தோளுக்கு மேலே போனது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தகரத்தை ஒட்டித்தான் சற்று முன்புவரை என் மகன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். தகரத்தில் விழுந்த நெளிவை இன்னும் நான் தட்டி எடுக்கவில்லை.

அதனால் இந்த முறை ஒழுங்காக விதி எழுதிக்கொண்டு செய்ய வேண்டும். என்ன பொருள் கடைவது, எவ்வளவு நேரம், மார்க் எப்படிப் போடுவது? லேத் மூன்றுதான் இருக்கிறது, ஆள் ஒன்பது. நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


வைரம்பாய்ந்தகட்டை (திருச்சி):

முதலில் அந்த "யார் முதலில்" என்பதைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் கட்டை பறந்ததற்கு அதுதான் காரணம், உங்கள் கை இல்லை. நேரத்தை வரம்பாக மட்டும் வையுங்கள். 25 நிமிடம் என்றால் 25 நிமிடம். 18-இல் முடித்தவருக்குக் கூடுதல் மார்க் கிடையாது, 24-இல் முடித்தவருக்குக் குறைவும் கிடையாது. அப்படிச் செய்துவிட்டால் பக்கத்து லேத்தை எட்டிப் பார்க்கிற தேவையே யாருக்கும் இருக்காது. நாங்கள் இரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறோம்.

பொருளுக்கு என் யோசனை பம்பரம். சாட்டை சுற்றி விடுகிற ஆணிப் பம்பரம் வேண்டாம், அவசரத்தில் ஆணி அடித்தால் கட்டை பிளக்கும். இரண்டு விரலால் காம்பைத் திருகி விடுகிற சின்னப் பம்பரம் போதும். 50 மில்லிமீட்டர் சதுரம், 100 நீளம் உள்ள கட்டை இருந்தால் சக்கில் பிடிக்கிற இடம் போகத் தாராளமாக வரும். பம்பரத்தில் மரத்தின் ரேகை அச்சோடு நீளவாக்கில் ஓடுகிறது, அதனால் சதுரத்தை உருட்ட ரஃபிங் கௌஜை (அகலமான குழி உளியை) நம்பிக் கொடுக்கலாம். கிண்ணம் என்று வைத்தீர்கள் என்றால் ரேகை குறுக்கே வரும். யாராவது பழக்கத்தில் அதே ரஃபிங் கௌஜை எடுத்தால் அதன் கழுத்துப் பகுதி ஒல்லி, கடித்தால் முறிந்தே போகும். நேரப் போட்டிக்குக் கிண்ணம் சரிப்படாது.

பம்பரத்தில் இன்னொரு நிம்மதி, நடுவரோடு யாரும் வாதாட முடியாது. எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும்.

அப்புறம் கடிகாரம். கட்டையை சக்கில் மாட்டுவது 25 நிமிடத்தில் சேராது. மாட்டி, மறுமுனையைத் தாங்க டெயில்ஸ்டாக் கொடுத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்து, இன்னொருவர் வந்து சக்கை இழுத்துப் பார்த்த பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும். டூல் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டுமென்றால் மோட்டாரை நிறுத்தித்தான் நகர்த்த வேண்டும், சுற்றும்போது தொட்டால் அந்தச் சுற்று போச்சு. சாணை பிடிக்கப் போகிறவருக்கு அவர் கடிகாரம் மட்டும் நிற்க வேண்டும். இதை நாங்கள் முதல் வருடம் விட்டுவிட்டோம், நேரம் போகிறதே என்று ஆட்கள் மழுங்கிய உளியை வைத்தே அமுக்கினார்கள், அமுக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்? யார் கட்டை பறந்தாலும் மூன்று லேத்தும் நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

வேகத்துக்கும் வரம்பு வையுங்கள். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால்) பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவே வரலாம் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்குப்படி 2 அங்குலக் கட்டைக்கு 3,000-க்கு மேல் போகலாம், ஆனால் போட்டியில் அதற்கு என்ன அவசியம்? சதுரமாக இருக்கும்போது 1,000, உருண்ட பிறகு 2,000, அதோடு நிறுத்துங்கள்.

வேடிக்கை பார்ப்பவர்கள் கட்டைக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. கட்டை பறந்தால் அது சுற்றுகிற வட்டத்துக்கு நேராகத்தான் பெரும்பாலும் போகும். லேத்தின் இரண்டு முனைப் பக்கமாகக் கயிறு கட்டி, கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள். வேட்டி, லுங்கி, தொங்குகிற முழுக்கை, மோதிரம், கையுறை எதுவும் லேத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கையுறை பாதுகாப்பு என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள், மாட்டிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.


மொட்டைமாடிலேத் (மதுரை):

நேரமே வைக்காமல், ஒரே மாதிரி இரண்டு செய்து காட்டுங்கள் என்று வைத்தால் என்ன? ஜோடி ஒத்துப்போகச் செய்வதுதான் கடைசலில் கஷ்டம். இங்கிலாந்தில் மிதி கடைசலில் (காலால் மிதித்துச் சுற்றுகிற லேத்தில்) வேலை செய்கிறவர்கள் கூடுகிற இடத்தில், கட்டையைப் பிளந்து நாற்காலிக் கால் ஒரு ஜோடி கடைகிற போட்டி உண்டு, அதில் நேரமும் பார்ப்பார்கள், ஆனால் ஜோடி ஒத்துப்போக வேண்டும். எனக்கு என்னவோ வெறும் வேகத்தைவிட அதில் மரியாதை அதிகம்.


பொதிகைத்தென்றல் (அம்பாசமுத்திரம்):

தம்பி, நீங்கள் பம்பரம் என்று முடிவு செய்தால் எனக்குச் சந்தோஷம். எங்கள் ஊரில் மரச் சொப்பு கடைகிற பட்டறைகளைச் சுற்றித்தான் நான் வளர்ந்தேன். குட்டி உரல், திருகை, அம்மி, குடம், பம்பரம் எல்லாம் கடைசலில்தான் பிறக்கும். அந்தக் காலத்தில் மஞ்சக்கடம்பு மரம், இப்போது கிடைக்கிறதை வைத்துச் செய்கிறார்கள்.

உங்கள் 25 நிமிடத்தில் கடைசி மூன்று நிமிடத்தை அரக்குக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே வண்ண அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்தினால் உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகிப் படியும். முதலில் திட்டுத் திட்டாக, அசிங்கமாகத்தான் தெரியும். அப்புறம் காய்ந்த தாழை மடலை நாலு விரலால் பிடித்து அதன் மேல் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு முறை இழுத்தால், திட்டெல்லாம் பரவி ஒரே சீராகி, ஈரம் பட்ட மாதிரி பளபளப்பு வந்துவிடும். கர்நாடகத்தில் சன்னபட்டணத்திலும் இதே முறைதான், அங்கே வெட்பாலை மரத்தில் செய்கிறார்கள், வெள்ளையாக இருப்பதால் நிறம் நன்றாக எடுக்கும். வார்னிஷ் காயக் காத்திருக்க வேண்டாம் என்பதால் நேரப் போட்டிக்கு அரக்கைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவராகத் தொழில் முறைக் கடைசல்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் போக வரச் செலவும் ஒரு நாள் கூலியும் முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள். நமக்கு அது விடுமுறை நாள், அவருக்குப் பட்டறை மூடினால் அன்றைய வரும்படி போச்சு. சால்வை போட்டு போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிற பழக்கம் எனக்கு மனசு வலிக்கிறது. அவரிடம் ஒரு லேத்தைக் கொடுத்து, நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று பாருங்கள். உப்புத்தாளே தொடாமல் உளியிலேயே அவர் கொண்டுவருகிற வழவழப்பைப் பார்த்தால் போட்டியில் கற்றுக்கொண்டதைவிட அதில் அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.


சுழலும்புள்ளி (சேலம்):

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன், பம்பரம் என்றதும் கை பரபரக்கிறது. சுற்றுகிற நேரத்தைத் தீர்மானிப்பது எடை எங்கே இருக்கிறது என்பதுதான். பாடப்புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். அதே எடை அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருந்தால் நான்கு மடங்கு பலன். அதனால் வயிறு பருத்த பம்பரத்தைவிட, அகலமாகத் தட்டுப் போல விளிம்பில் எடை வைத்த பம்பரம் நின்று சுற்றும். உடல் தாழ்வாக இருக்க வேண்டும், ஆனால் ரொம்பத் தாழ்த்தினால் சாயும்போது விளிம்பு தரையில் உரசி நின்றுவிடும். காம்பு 4, 5 மில்லிமீட்டர் ஒல்லியாக இருந்தால் அதே விரல் அசைவுக்கு அதிகச் சுற்று கிடைக்கும்.

கட்டை விஷயத்தில் கவனம். ஒரு பக்கம் வைரமும் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) மறு பக்கம் வெளுத்த ஓர மரமும் கலந்து வந்த கட்டையில் எவ்வளவு திறமையாகக் கடைந்தாலும் பம்பரம் தலையாட்டும், இரண்டும் ஒரே அடர்த்தி கிடையாதே. ஒன்பது கட்டையும் ஒரே மரத்தின் வைரத்திலிருந்து வரட்டும், நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் வருகிற தேக்குக் கைமரம் நல்லது, ஆனால் அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். தேக்கு உளியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், திருச்சி நண்பர் சொன்ன சாணை விதி அதற்கும் உதவும்.

சுற்ற விடுவது தட்டையான கண்ணாடியில் வேண்டாம், நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போய் விழும். முகச்சவரத்துக்கு வைத்திருப்பார்களே, முகத்தைப் பெரிதாகக் காட்டுகிற குழி ஆடி, அதில் விடுங்கள், பம்பரம் தானே நடுவுக்கு வந்து நின்று ஆடும். எல்லாப் பம்பரத்தையும் ஒரே ஆள் சுற்றிவிட வேண்டும், இல்லையென்றால் விரல் வலிமைக்கு மார்க் போட்டது மாதிரி ஆகிவிடும்.


வைரம்பாய்ந்தகட்டை (திருச்சி):

ஆசிரியருக்கு ஒரு மறுப்பு. தன் விரலுக்கு ஏற்றபடி காம்பைக் கடைவதும் திறமைதான் சார். செய்தவரே சுற்றட்டும்.


கடைசல்காரி (ஈரோடு):

சின்ன லேத்தில் இரண்டு வருடமாகப் பேனாவும் பம்பரமும்தான் செய்கிறேன், அதனால் காம்பு பற்றி ஒரு வார்த்தை. என் விரலுக்கு 4 மில்லிமீட்டர் காம்பு நன்றாகப் பிடிபடுகிறது, என் வீட்டுக்காரருக்கு அதே காம்பு நழுவுகிறது. அதனால் செய்தவர் மூன்று முறை, பொது ஆள் மூன்று முறை, இரண்டிலும் சிறந்ததை எடுத்துக் கூட்டிவிடுங்கள்.

காம்பை எப்போது மெலிதாக்குவது என்றும் சொல்லிவிடுகிறேன். நிறைய பேர் முதலிலேயே ஒல்லியாக்கிவிட்டு அப்புறம் உடலைக் கடைகிறார்கள், அதிர்ந்து முறிந்துவிடும். தடியாகவே விட்டுவைத்து, உடல் முடிந்த பிறகு காம்பு. கூர்முனையைக் கடைசியாக அறுத்து எடுக்கும்போது ஒரு கை பம்பரத்தைச் சும்மா தாங்கினால் போதும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முனை மரமாகவே இருந்தால் சுற்றச் சுற்ற மழுங்கும், ஒரு சொட்டு இன்ஸ்டன்ட் பசை விட்டால் கெட்டிப்படும், அதை எல்லோருக்கும் அனுமதியுங்கள் அண்ணா. ஷெட்டில் மின்விசிறி இருந்தால் மரத்தூள் பார்ப்பவர்கள் முகத்துக்குப் போகாத பக்கம் திருப்பி வையுங்கள், தேக்குத் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பெண்களும் வரலாம் என்றால் நானும் என் தோழி ஒருத்தியும் பஸ் ஏறி வருகிறோம்.


சுருள்சிராய் (கோவை):

எல்லோருக்கும் நன்றிங்க, நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிவிட்டேன். பம்பரம்தான். கடைய 22 நிமிடம், அரக்குக்கு 3. மூன்று மூன்று பேராக மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கட்டை மாட்டவும் கூட்டிப் பெருக்கவும் கால் மணி நேரம். சுற்றுகிற நேரம்தான் மார்க், செய்தவர் மூன்று முறை, பொது ஆள் மூன்று முறை, ஈரோட்டுக்காரங்க சொன்ன கணக்குதான். மதுரைக்காரர் சொன்ன ஜோடி யோசனை மனசில் நின்றுவிட்டது, சாயங்காலம் நேரமே இல்லாமல் மத்துக் கைப்பிடி ஒரு ஜோடி கடைந்து பார்ப்போம்.

அக்கா, தாராளமாக வாங்க, தோழியையும் கூட்டி வாங்க. நீங்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பதினொன்று ஆகிறது, நான்காவதாக ஒரு லேத்தைக் கொண்டுவர நண்பரிடம் பேசிவிட்டேன், மூன்று சுற்றிலேயே முடிந்துவிடும். நான்கு மோட்டாரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் தனித்தனி லைனில் கொடுக்க எலக்ட்ரீசியனை வரச் சொல்லியிருக்கிறேன். நெல்லை ஐயா, நடுவர் விஷயம் நீங்கள் சொன்னபடியே, உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் யாராவது வர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், கூலியை முதலிலேயே அனுப்பிவிடுகிறோம். தாழை மடலும் அவரே கொண்டுவந்தால் நல்லது, இங்கே எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

கயிறு வாங்கியாகிவிட்டது. என் மகன்தான் ஸ்டாப்வாட்ச் பிடிக்கப்போகிறான், கயிற்றுக்கு வெளியே நின்று. குழி ஆடி மட்டும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.